பொம்மை கட்டும் வைக்கோல்

ஜெயஸ்ரீ கல்யாணமாகிப் புதுச்சேரியிலிருந்து விருத்தாசலத்துக்கு வந்த அன்று, சீர் வண்டியிலிருந்து பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, கிரைண்டர் இறங்கியது. கடைசியில் ஒரு கம்பிவலைக் கூண்டும் இறங்கியது. உள்ளே இரண்டு பிராணிகள். முயல் என்று சொல்லக் காது போதவில்லை. எலி என்று சொல்ல வால் இல்லை. உருண்டையாக உட்கார்ந்துகொண்டு, வாசலில் கூடி நின்ற தெருவைப் பார்த்து மூக்கை மட்டும் ஆட்டின.

"சீர் செஞ்சிருக்காங்கன்னு பாத்தா, பெருச்சாளிய இல்ல குடுத்து அனுப்பியிருக்காங்க!" என்றாள் சொர்ணாம்பாள். அவள் மாப்பிள்ளையின் அம்மா வாசுகிக்கு நாத்தனார், வாசுகியின் இறந்துபோன கணவருக்கு அக்காள். அடுத்த தெருவில் குடியிருந்தாலும் தம்பி வீட்டு அதிகாரத்தை இன்னும் யாரிடமும் ஒப்படைக்காதவள்.

"பெருச்சாளி இல்லங்க பெரியம்மா, கினி பிக்" என்றாள் புதுப்பெண், தலை நிமிராமல். "வெள்ளையா இருக்குறது பூரி. மஞ்சளா இருக்குறது கெழங்கு."

வாசுகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் ஆன முதல் நாளே சிரித்தால் மரியாதை கெட்டுவிடுமோ என்று முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். அவளும் லேசாகச் சிரித்தாள். அந்த வீட்டில் மாமியார் மருமகள் உறவு இப்படி நல்லபடியாகத்தான் தொடங்கியது.

வாசுகி பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். சூளையில் வெந்து, வர்ணம் ஏறி, பளபளவென்று வரும் பிள்ளையாரையும் தவில்காரரையும் செட்டியாரையும் வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. எந்த இடுக்கில் எவ்வளவு வைக்கோல் திணிக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். வாசுகி கட்டிய பெட்டி கல்கத்தா வரை போனாலும் உள்ளே ஒரு விரல் உடையாது என்று முதலாளி சக்கரபாணி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். ஆகவே உலகத்தில் எதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றாலும் வாசுகிக்கு முதலில் வைக்கோல்தான் ஞாபகம் வரும். பின்னால் வந்த வினைக்கெல்லாம் இந்த ஞாபகம்தான் காரணம்.

அடுத்த வருஷம் ஜெயஸ்ரீ முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற சொர்ணாம்பாள் சத்தமாகவே சொன்னாள்: "எலிய மடியில வச்சிக் கொஞ்சிக்கிட்டு இருந்தா கரு எப்புடித் தங்கும்?"

மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்குவதை வாசுகி பார்த்தாள். பார்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாரை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத வாய் அது. அன்றைக்கு ஒரு நாளாவது திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஜெயஸ்ரீயின் அம்மா சிவசங்கரி வந்து மகளை அழைத்துப் போனாள். அந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. அதனால் கூண்டை எடுத்து வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது ஜெயஸ்ரீ கூண்டருகில் குந்தி உட்கார்ந்து இரண்டையும் தடவிக் கொடுத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்து, "பாத்துக்குங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். வரவில்லை. மகன் தமிழ்மணி பெண்ணாடம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து வந்ததும் செல்போனில் மனைவியைக் கூப்பிடுவான். அவன் கேட்பதற்கெல்லாம் ம், ம்ஹூம் என்று பதில் வரும். பிறகு போன் வாசுகி கைக்கு மாறும். அப்போது மட்டும் ஜெயஸ்ரீ தானாக ஒன்று கேட்பாள்.

"பூரி, கெழங்கு எப்புடி இருக்குது அத்தை?"

"நல்லா இருக்குது கண்ணு. கீரைக்கட்டு சத்தம் கேட்டாலே வீக் வீக்குனு கத்தி ஊரக் கூட்டுதுங்க. நீ எப்ப வர?"

"வைக்கிறேன் அத்தை" என்று வைத்துவிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேள்விதான் என்று வாசுகிக்கு நன்றாகப் புரிந்தது. இந்த இரண்டு ஜீவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண் போனை எடுப்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்காது. அப்புறம் மகன் வாழ்க்கை என்ன ஆகும்?

அதனால் இரண்டையும் ராஜோபசாரமாகக் கவனித்தாள். ஜெயஸ்ரீ கூண்டில் பழைய பேப்பரும் துண்டுத் துணியும்தான் போட்டு வைத்திருந்தாள். இதென்ன படுக்கை, கட்டாந்தரை மாதிரி இருக்கிறதே என்று வாசுகிக்கு மனசு கேட்கவில்லை. கொலு சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக் கொட்டகையில் வைக்கோல் மலையாகக் குவிந்து கிடந்தது. நுனி வைக்கோலாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து வந்து மெத்துமெத்தென்று பரப்பினாள். பூரியும் கெழங்கும் அதில் புகுந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரத்தில் கெழங்கு சொறிய ஆரம்பித்தது. பின்னங்காலைத் தூக்கி முதுகைப் பரபரவென்று சொறிந்தது. பிறகு பூரியும் சொறிந்தது. முதுகில் முடி கொட்டி, தோல் தடித்து, மாவு மாதிரி உதிர்ந்தது. படுக்கை அழுக்காகிவிட்டது போலிருக்கிறது என்று வாசுகி வைக்கோலைத் தினமும் மாற்றினாள். மாற்ற மாற்ற அரிப்பு அதிகமாயிற்று. அதிகமாக ஆக, இன்னும் நல்ல வைக்கோலாகத் தேடி எடுத்து வந்தாள். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். எண்ணெய் முடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல ஒரு பிராதுச் சீட்டு கட்டிட்டு, இதுங்கள ஆத்துல உட்டுட்டு வா" என்றாள் சொர்ணாம்பாள். பிறகு அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "இல்லன்னா பாவாடைகிட்ட ஆட்டுக்குப் போடற உண்ணி மருந்து இருக்குது. ஒரு முக்கு முக்கி எடுத்தா பூச்சியெல்லாம் செத்துப் பூடும்."

எதிர்வீட்டுப் பாவாடை ஆடு வளர்க்கிறவர். கேட்டதும் பாட்டிலைக் கொடுத்தார். ஆட்டுக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி என்றார். வாசுகி யோசித்தாள். இது கையளவு பிராணி, மூடியில் கால்வாசி போதும். பக்கெட் எதற்கு, சோறு கொட்டி வைக்கும் அன்னக்கூடை போதும். மருந்தைக் குறைத்தவள் தண்ணீரை அதைவிட அதிகமாகக் குறைத்துவிட்டாள். கணக்கு அங்கேதான் தப்பியது. அதோடு, ஆட்டுத் தோல் வேறு, சொறிந்து சொறிந்து புண்ணான இந்தத் தோல் வேறு என்பதும் அவளுக்குத் தோன்றவில்லை.

கெழங்குக்குத்தான் புண் அதிகம். அதனால் முதலில் அதைத் தூக்கிக் கழுத்து வரை முக்கி எடுத்தாள். துண்டால் துடைத்து வெயிலில் விட்டாள். அது வழக்கம்போல உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டது. பூரியைத் தூக்கப் போன நேரத்தில் கெழங்கின் வாயில் எச்சில் ஒழுகியது. கால் நாலும் வெடவெடவென்று நடுங்கின. வாசுகி ஓடிப்போய் அதைத் தூக்கினாள். நல்ல தண்ணீரில் கழுவினாள். மடியில் போட்டுக்கொண்டு, "கெழங்கு, கெழங்கு" என்று கூப்பிட்டாள். அதுவரை அவள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வெயில் சாய்வதற்குள் அது செத்துவிட்டது.

அன்றைக்கும் போன் அவள் கைக்கு வந்தது.

"பூரி, கெழங்கு எப்புடி இருக்குது அத்தை?"

"நல்லா இருக்குது கண்ணு" என்றாள் வாசுகி. நாக்கு கூசியது. போனை மகனிடம் நீட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையிலேயே சேதி கேட்டுச் சொர்ணாம்பாள் வந்துவிட்டாள். "ஒண்ணு போச்சா? உடு, சனியன் தொலஞ்சுது. இன்னொண்ணையும் தூக்கிப் போட்டுட்டுத் தலமுழுகு. அப்பவாச்சும் அந்தப் பொண்ணு வயித்துல ஒண்ணு தங்கும்."

வாசுகி நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி, எலியால யாருக்கும் கரு கலையாது. அந்தப் பொண்ணப் பத்தி இனிமே இந்த வூட்டுல ஒரு பேச்சு பேசாதீங்க."

சொர்ணாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கூண்டில் பூரி சொறிந்துகொண்டே சாய்ந்து விழுந்தது. கால்கள் விறைத்து இழுத்தன. இதுவும் போயிற்று என்று வாசுகி அலறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே எழுந்து உட்கார்ந்து மலங்க மலங்க விழித்தது. அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. கூடையில் பூரியை வைத்து, மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சினைக்கு வந்த மாடுகளுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் நடுவில் கூடையோடு நின்றவளைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டர் தேவநாதன் சிரிக்கவில்லை. கூடைக்குள் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதுல முக்கிட்டீங்களா?"

"இத இல்லீங்க சார். இதோட ஜோடிய. நேத்து. அது..." காலையில் பூரிக்கு இழுப்பு வந்ததை மட்டும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஆட்டு மேல இருக்குற உண்ணிக்கு இது சரிதாங்கம்மா. இதுக்கு ஆவாது. இது ஒடம்பு பூரா நக்கிச் சுத்தம் பண்ற ஜாதி. தோலும் புண்ணா இருந்தா மருந்து நேரா உள்ள போயிடும். நாய்க்குப் போடற பவுடர், சோப்பு எதையும் போட்டுடாதீங்க."

பூரியின் முதுகிலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வாசுகியையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று மெல்ல ஊர்ந்தது.

"சொறிப்பூச்சி. தோலுக்குள்ளயே குடியிருக்கும். அந்த அரிப்பு தாங்காமதான் இழுப்பு வருது. வலிப்பு வியாதி இல்ல, பயப்படாதீங்க. அழுத்திப் புடிக்காதீங்க, தேய்க்காதீங்க. எதுல படுக்க வைக்கிறீங்க?"

"வைக்கோல்லதாங்க. பொம்மை கட்டுற வைக்கோல். நல்லா மெத்துனு இருக்கும்."

"அந்த வைக்கோல் எங்க கெடக்கும்?"

"கம்பெனிக் கொட்டாயில" என்று சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போயிற்று. அந்தக் குவியலில்தான் தெருநாய் குட்டி போடும். எலி கூடு கட்டும். மழை பெய்தால் பாவாடையின் ஆடுகள் வந்து ஒதுங்கும். ஊரில் எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். யாரும் அதை யோசித்ததில்லை, பொம்மைக்கு அரிக்காது.

"அப்ப நான்தான் சார் கொண்டாந்து போட்டனா?"

"அப்புடிச் சொல்ல முடியாது. இதுங்க ஒடம்புல முன்னமே கொஞ்சம் இருந்திருக்கலாம். வைக்கோல்ல வந்திருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியல. ஆனா இனிமே வைக்கோல் வேணாம். பேப்பரும் துணியும் போடுங்க, தெனம் மாத்துங்க, துணிய கொதிக்கிற தண்ணியில அலசுங்க. கூண்டயும் வெந்நீர் ஊத்திக் கழுவி வெயில்ல காய வைங்க."

பேப்பரும் துணியும். மருமகள் போட்டு வைத்திருந்தது அதுதான். வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாத மனிதர். தான் மாடு பார்க்கிற டாக்டர், இதைக் காலேஜில் கூண்டில் பார்த்ததோடு சரி என்றார். மெட்ராஸில் கூடப் படித்தவரைப் போனில் பிடித்து விவரம் கேட்டுக்கொண்டார். பிறகு வாசுகியிடம் வந்து, "மருந்து இருக்குது. மாட்டுக்குப் போடற பூச்சி ஊசிதான். ஆனா இதோட எடைக்கு ஒரு சொட்டுகூடத் தேவைப்படாது. கூடிப்போனா ஆபத்து. குத்துமதிப்பா போட மாட்டேன். எடை கிராம்ல தெரியணும். இங்க இருக்குறது தீவன மூட்டை போடற தராசு" என்றார்.

கிராம் என்றதும் வாசுகிக்குச் சட்டென்று கலர் ரூம் ஞாபகம் வந்தது. பொம்மைக்குப் பூசும் வர்ணப்பொடியைச் சக்கரபாணி அங்கே ஒரு எலக்ட்ரானிக் தராசில்தான் நிறுத்துக் கொடுப்பார். நீலம் இம்மி கூடினால் கிருஷ்ணர் கறுத்துவிடுவார் என்று அந்தத் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி வைத்திருப்பார். வாசுகி கூடையோடு கம்பெனிக்கு நடந்தாள்.

"ஏம்மா, கொலு சீசன்ல லீவு போட்டுட்டு எலி மேய்க்கிறியா?" என்றார் சக்கரபாணி. அவள் அழுத கண்ணைப் பார்த்ததும் மேற்கொண்டு கேலி செய்யவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

பூரி தராசுத் தட்டில் நிற்க மறுத்தது. கடைசியில் வர்ணம் பூசாத ஒரு வெள்ளைப் பூச்சாடியைத் தட்டில் வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, பூரியை உள்ளே இறக்கினார்கள். ஜாடிக்குள்ளிருந்து காதும் மூக்கும் மட்டும் எட்டிப் பார்த்தன. பெயின்டிங் பெண்கள் எல்லாரும் தூரிகையைப் போட்டுவிட்டு வந்து நின்று சிரித்தார்கள். வாசுகி மட்டும் சிவப்பு எண்கள் ஒரு நிலைக்கு வரும்வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூற்றுப் பதினைந்தில் நின்றது. சக்கரபாணி தூக்கிவிட்டு மறுபடியும் வைத்து, அதே எடைதான் என்று உறுதி செய்த பிறகே போகச் சொன்னார்.

டாக்டர் காகிதத்தில் கணக்குப் போட்டு, மருந்தை நீர்க்கச் செய்து, சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஊசியில் எடுத்துத் தோலுக்கடியில் போட்டார். சொறியாமல் இருக்க நகத்தை வெட்டிவிட்டார். "இது பூச்சியத்தான் கொல்லும், முட்டையக் கொல்லாது. முட்டை பொரிக்கிற நேரம் பாத்து இன்னொரு ஊசி போடணும். சரியாயிடுச்சுன்னு நெனச்சு வராம இருந்துடாதீங்க. கொய்யா, நெல்லிக்கா, கொத்தமல்லி குடுங்க. உங்க கையில அரிச்சா பயப்பட வேணாம், இது மனுசன் மேல தங்காது" என்றார்.

வாசுகி எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். கூண்டில் வெந்நீர் ஊற்றினாள். வைக்கோலைக் கூட்டி எரித்தாள். துணியைத் தினமும் கொதிக்க வைத்து அலசினாள். பூரியைத் தொடவே பயந்து, தட்டில் கொத்தமல்லியை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அது கூண்டின் மூலையில் ஜோடி படுத்திருந்த இடத்தை மோந்து மோந்து பார்க்கும்.

சொர்ணாம்பாள் ஒரு நாள் பின்பக்கமாக வந்தாள். கையில் ஒரு பிடி அருகம்புல். "கழுவித்தான் எடுத்தாந்தேன். இது திங்குமா?" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். தின்னும் என்றாள் வாசுகி. சண்டை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. சொறிவது நின்றது. இழுப்பு வரவே இல்லை. முதுகில் புல் முளைப்பது போல வெள்ளை முடி முளைத்தது. டாக்டர் கையில் தூக்கிப் பார்த்து, "பொழச்சிருச்சு, போங்க" என்றார். வாசுகிக்குச் சந்தோஷம் அரை நாள்தான் தாங்கியது. மாலையில் போன் கைக்கு வந்தது. கேள்வியும் வந்தது. நல்லா இருக்குது என்று மறுபடியும் ஒரு பொய். இத்தனை நாளும் பூரி பிழைக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவளுக்கு இனிமேல் சாக்கு இல்லை.

"போன்லயே சொல்லிடும்மா" என்றான் தமிழ்மணி.

"சாவுச் சேதிய போன்லயா சொல்லுவாங்க? நேர்ல போயி சொல்றதுதான்டா மொற."

"எலி செத்ததுக்கா?"

"அவளுக்கு அது எலியாடா?" என்றாள் வாசுகி. மகன் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தான். பூரியை அன்றைக்கு அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

விடியற்காலை பஸ் பிடித்து, கடலூரில் மாறி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். சிவசங்கரி திகைத்துப்போய், வாங்க சம்பந்தி என்று உள்ளே அழைத்துக் காபி போடப் போனாள். ஜெயஸ்ரீ ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பூரி, கெழங்கு எப்புடி இருக்குது அத்தை?"

நேரிலும் அதே கேள்விதான். வாசுகி பையைக் கீழே வைத்தாள்.

"பூரி நல்லா இருக்குது கண்ணு. கெழங்கு செத்துப்போச்சு. நான்தான் சாவடிச்சேன். நல்லா இருக்குதுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

வைக்கோலில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்னக்கூடையைச் சொன்னாள், மடியில் போட்டுக்கொண்டு கூப்பிட்டதைச் சொன்னாள், மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ஜெயஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எழுந்து உள்ளே போய்விடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வாசுகி நினைத்தாள்.

"அழுதீங்களா அத்தை?" என்றாள் ஜெயஸ்ரீ.

"அழுதேன்."

"எங்க வச்சீங்க?"

"பின்னால முருங்க மரத்தடியில. என் பழைய பொடவையக் கிழிச்சு அதுல சுத்தி வச்சேன். நாய் தோண்டிடக் கூடாதுன்னு மேல கல்லு வச்சிருக்கேன்."

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

"கெழங்குக்காவது ஒரு எடம் இருக்குது" என்றாள் ஜெயஸ்ரீ. "என் புள்ளய எங்க வச்சீங்கன்னு யாருமே எனக்குச் சொல்லல. கேட்டா, மறந்துடு, அடுத்தது வரும்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. யாரும் அழுததக்கூட நான் பாக்கல அத்தை. அது ஒண்ணுமே இல்லாத மாதிரி எல்லாரும் வேற பேச்சு பேசுனாங்க. நான் மட்டும் பைத்தியக்காரியான்னு தோணிச்சு."

வாசுகிக்கு அந்தக் கணம்தான் எல்லாம் விளங்கியது. அந்தப் பெண் எதை நினைத்துக்கொண்டு தினமும் வேறொன்றை விசாரித்தாள் என்பதும் விளங்கியது. எட்டி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதேன்டி. உன் எதிர்ல அழுவக் கூடாது, பேச்சே எடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டு கெடந்தேன். மணிமுத்தாத்துக் கரையில வச்சோம். தமிழ்மணியும் நானும்தான் போனோம். அவனால மண்ணு வெட்ட முடியல, நான்தான் வெட்டினேன். அங்கயே உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். அரச மரத்துக்குக் கெழக்கால, எடத்த நான் கண்ண மூடிக்கிட்டே காட்டுவேன். ஆஸ்பத்திரியில எங்க அண்ணி அந்தப் பேச்சு பேசுனப்ப நான் வாய மூடிக்கிட்டு நின்னேன் பாரு, அதுக்கு என்ன மன்னிச்சிடு கண்ணு."

ஜெயஸ்ரீ அழுதாள். விம்மலோ விசும்பலோ இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவதுபோல வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். காபியோடு ஓடிவந்த சிவசங்கரி, "என்னங்க சம்பந்தி, என்னா சொன்னீங்க எம் பொண்ண?" என்று பதறினாள்.

"அழுவட்டும், உடுங்க சம்பந்தி" என்றாள் வாசுகி. சொன்னவளும் சேர்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் சிவசங்கரியும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு ஜெயஸ்ரீ தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். யாரும் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை. பஸ்ஸில் வழிநெடுக மாமியாரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசுகி ஓர் ஆட்டோவுக்குக் கை காட்டப் போனாள்.

"வூட்டுக்கு அப்பறம் போவலாம் அத்தை" என்றாள் ஜெயஸ்ரீ. "மொதல்ல ஆத்துக்குப் போவலாம்."

வாசுகி அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.